மணிக்குச் செம்பு தேடிய தீவுகள்

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். அங்கே கத்தோலிக்கக் கோயிலின் மணி கீறிவிட்டது; அதை உருக்கி மறுபடி வார்த்துத் தர வேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் தாமிரபரணிக் கரைக்காரன். வெண்கலம் வார்ப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தொழிலுக்காகக் கடல் தாண்டிப் போவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த வருடங்களில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் எதையும் இலேசில் உள்ளே விடாது. புது மணி தருவிக்க முடியாது. உடைந்த மணியை எங்கள் ஊருக்கு அனுப்பி வார்த்து எடுக்கவும் வழியில்லை. அதனால் நானே போனேன். என்னோடு வந்தவை சுத்தியல், இடுக்கி, கொஞ்சம் வெள்ளீயம்.

நான் அதிகம் பேசாதவன். புது மனிதரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இதில் நான் பேசியது குறைவாகவும் கேட்டது அதிகமாகவும் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் காரைநகர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் பால்மாத் தகரத்தை விரித்து அடித்திருந்தார்கள். இருக்கை கிழிந்த இடத்தில் பனையோலைப் பாய். பாதி வழியில் பெரிய சத்தத்தோடு பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

“எல்லாரும் இறங்குங்கோ. டயருக்கு வயசு போட்டுது” என்றார் கண்டக்டர்.

“உனக்கும்தான் போட்டுது. உன்னை ஆர் மாத்தினவை?” என்று கூடையோடு இறங்கிய ஓர் அம்மா கேட்டார்.

எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் டிரைவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடித்திருப்பார்கள். இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றப் போனார்கள். வெடித்த டயருக்குள் இன்னொரு பழைய டயரின் துண்டை வைத்துக் கட்டி, காற்றடித்து, மெதுவாக ஓட்டினார்கள். அந்தத் துண்டை வெட்டியெடுத்த டயரின் மீதி, டிரைவர் காலில் செருப்பாக இருந்தது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கொஞ்சம் கடல் உண்டு. அதைக் கடக்க ஒரு தட்டையான மிதவை. அதைப் ‘பாதை’ என்கிறார்கள். சைக்கிள்காரர், மீன்காரர், ஓர் ஆடு, நான் எல்லோரும் அதில் நின்றபடி போய்ச் சேர்ந்தோம்.

கரையில் மரியாம்பிள்ளைச் சம்மாட்டியார் காத்திருந்தார். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவரைச் சம்மாட்டி என்பார்கள். நல்ல உயரம், தொண்டை காற்றோடு பேசிப் பழகியது.

“மணிக்கார அண்ணையோ? நான் ஒரு பெரிய ஆளை நினைச்சுக்கொண்டு நிண்டனான்” என்றார். அன்றிலிருந்து ஊர் முழுவதற்கும் நான் மணிக்கார அண்ணை.

நேரே கோயிலுக்குக் கூட்டிப்போனார். மணியை இறக்கிச் சாக்கின்மேல் வைத்திருந்தார்கள். விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். வெடித்த பானையின் சத்தம். விளிம்பிலிருந்து தோள்வரை மயிரிழைபோல ஒரு கீறல் ஏறியிருந்தது.

பங்குச் சுவாமியார் நரைத்த மனிதர். அந்த மணி பூசைக்கு மட்டுமானதல்ல என்று அவர்தான் எனக்குச் சொன்னார். வாடைக் காற்றுக் காலத்தில் பகலிலேயே இருண்டு மழை இறங்கும். கடலில் நிற்பவனுக்குக் கரை தெரியாது. அப்போது மணியை விடாமல் அடிப்பார்கள். சத்தம் வரும் திசைக்கு வள்ளத்தைத் திருப்பினால் தண்ணீருக்குள் மறைந்த கற்பாரில் மோதாமல் வந்து சேரலாம். போன வாடையில் அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் மணி கீறியது. அன்று கடலில் நின்றவர்களில் யாக்கோபு என்பவர் மட்டும் திரும்பவில்லை. சில நாள் கழித்து வள்ளம் வந்தது, உள்ளே வலை கிடந்தது, ஆள் இல்லை.

“அடுத்த வாடைக்கு முன்னம் மணி தொங்கவேணும்” என்றார் சம்மாட்டியார். “பழசு சின்னன். காத்தை எதிர்த்துப் போற மணியாச் செய்து தாரும்.”

பெரிய மணிக்கு அதிகச் செம்பு வேண்டும். கடையில் செம்பு இல்லை. எப்படி என்று யோசித்துக்கொண்டே கடற்கரைக்கு நடந்தேன். அங்கே ஒரு வள்ளம் தனியாகக் கரையேற்றிக் கிடந்தது. அதன் அடிவயிறு முழுக்கப் பச்சை. கிட்டப் போய்ச் சுரண்டினேன். அசல் செப்புத் தகடு. பழைய காலத்தில் ஊர்காவற்றுறையில் ஒரு பாய்க்கப்பலை உடைத்தபோது எடுத்த தகடாம். யாக்கோபின் தகப்பன் அதை வாங்கி இந்த வள்ளத்துக்கு அடித்தாராம்.

சம்மாட்டியார் என் தோளைத் தொட்டார். “அண்ணை, ஊரில எதையும் கேளும். இதை மட்டும் கேக்கப்படாது.”

ஒரு பெண் குடத்தோடு கடலிலிருந்து ஏறி வந்தார். எங்களைப் பார்க்காமல் வள்ளத்துக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றினார். மறுபடி இறங்கினார். மறுபடி ஊற்றினார். மரம் காய்ந்தால் பலகைக்குப் பலகை வாய் விட்டுவிடும். பிறகு கடலில் இறக்க முடியாது. அவர் யாக்கோபின் மனைவி திரேசம்மா. ஒவ்வொரு பின்னேரமும் அவர் செய்கிற வேலை இதுதான். எதற்கென்று ஊரில் ஒருவரும் அவரிடம் கேட்பதில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் சுவாமியார் சொல்ல, வீடு வீடாகச் செம்பும் வெண்கலமும் வரத் தொடங்கின. சம்மாட்டியாரின் மனைவி அன்னம்மாக்கா முதலில் ஒரு வெண்கலப் பானையைக் கொண்டுவந்தார். அடி ஓட்டை. அதைச் சட்டிபோலக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சு மூட வைத்திருந்தாராம்.

“இனிக் கோழிக்குஞ்சை எதாலை மூடுவாய்?” என்றார் சம்மாட்டியார்.

“உங்கடை தொப்பியாலை.”

எதையும் நான் கண்ணால் பிரிப்பதில்லை. மரக்குச்சியால் தட்டுவேன். வெண்கலம் இழுத்துப் பாடும். செம்பு குறைத்துச் சொல்லும். பித்தளை சீறிவிட்டு நின்றுவிடும். நான் தட்டத் தட்டப் பெண்கள் கூட்டமாக நின்று, “அது என்ன சொல்லுது அண்ணை?” என்று கேட்டார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஆனால் வந்தது குறைவு. காரணம் எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. இந்த ஊரில் பழையது என்று ஒதுக்கி வைத்த பொருள் மிகக் கொஞ்சம். எல்லாம் இரண்டாம் வேலையிலோ மூன்றாம் வேலையிலோ இருக்கிறது. அறுந்த வலை மிளகாய்க் கன்றின்மேல் ஆட்டுக்குத் தடையாகக் கிடக்கிறது. மாச் சாக்குத் தலையணை உறையாகிவிட்டது. மருந்துப் போத்தல் விளக்காகிவிட்டது. எங்கள் தெருவில் பழையது வாங்குகிறவன் வாரந்தோறும் வருவான். நாங்கள் கையில் கிடைத்ததைக் கொடுத்து மாம்பழமோ உப்போ வாங்குவோம். இங்கே அப்படி ஒருவன் வந்தால் வெறும் சாக்கோடுதான் திரும்புவான்.

மத்தியானம் அன்னம்மாக்கா வீட்டில் ஒடியல் கூழ் தந்தார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, மீன், பயற்றங்காய் எல்லாம் போட்ட கூழ். பலா இலையைக் கோலிக் கையில் தந்தார்கள். காரம் கண்ணில் நின்றது. நான் குடித்து முடித்ததும் அந்த இலையை ஆடு தின்றது. நண்டுக் கோதைத் தென்னையடியில் புதைத்தார்கள். சட்டி கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கள் வீட்டுச் சாக்கடை நினைவுக்கு வந்து சங்கடமாக இருந்தது. எங்களுக்கு ஆறு இருக்கிறது. ஆறு இருக்கிறவனுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரிவதில்லை.

மணிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குக் களிமண்ணால் ஒரு கரு செய்து வைத்தேன். அதன்மேல் மெழுகால் மணியின் உருவம் செய்ய வேண்டும். மெழுகுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது சுவாமியார் ஓர் அலுமாரியைத் திறந்தார். எரிந்து தீர்ந்த மெழுகுதிரிகளின் அடித்துண்டுகள், பீடத்தில் வழிந்ததைச் சுரண்டியவை, எல்லாம் பல வருடத்துச் சேர்மானம். “ஒருநாள் உதவும் எண்டு வைச்சனான். எதுக்கெண்டுதான் தெரியாது” என்றார்.

கரு காயவேண்டும். அதற்குள் அயல் தீவுகளில் கேட்டுப் பார்ப்போம் என்று சம்மாட்டியார் புறப்பட்டார்.

முதலில் நயினாதீவு. வேலுப்பிள்ளை என்ற சைவக் கமக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் வேலியிலும் கூரையிலும் இருந்து கழற்றிய பழைய ஓலைகளைத் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். மேலே கடற்கரையில் ஒதுங்கும் சாதாளைப் பாசியைப் பரப்பினார். அதற்கு மேல்தான் அடுத்த போகம் புகையிலை நடுவாராம். மோர் தந்து வந்த காரியத்தைக் கேட்டார்.

சம்மாட்டியார் தயங்கினார். “எங்கடை கோயிலுக்குத்தான்... உங்களிட்டைக் கேக்கிறது முறையோ தெரியேல்லை.”

“மணி உங்கடை கோயிலிலை தொங்கட்டும் காணும். சத்தம் எங்கடை வள்ளத்துக்கும் வரும்தானே?” என்றார் வேலுப்பிள்ளை. உள்ளே போய் நெல் அவிக்கிற, வாய் உடைந்த ஒரு வெண்கலக் கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். தட்டினேன். இழுத்துப் பாடியது. அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் தட்டச் சொன்னார்.

அடுத்த நாள் நெடுந்தீவு. மோட்டார் வள்ளம் நடுக்கடலில் இருமி நின்றுவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. ஆற்றங்கரைக்காரன் இதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. வள்ளக்காரர் இயந்திரத்தைத் திறந்து, உள்ளே இரண்டு இரும்புக்கு நடுவில் வைத்த தோல் கருகிவிட்டது என்றார். அதற்குப் புதுசு கொழும்பிலும் இல்லையாம். பயணிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“ஆரின்ரை செருப்பு தடிப்பு?”

ஒரு வாத்தியார் ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வள்ளக்காரர் அதைக் கத்தியால் வளையமாக வெட்டி, கிரீஸ் பூசி, வைத்து முறுக்கினார். இயந்திரம் ஓடியது.

“மற்றச் செருப்பை எறிஞ்சு போடாதேங்கோ மாஸ்டர்” என்றார் வள்ளக்காரர். “திரும்பி வரேக்கையும் தேவைப்படும்.”

நெடுந்தீவில் வேலி எல்லாம் கடலில் எடுத்த முருகைக்கல் மதில். சாந்து இல்லை, கல்லின்மேல் கல். ஒரு மதில் விழுந்தால் அதே கல்லில் அடுத்த மதில். நல்ல தண்ணீர்க் கிணறுகள் கொஞ்சம்தான். பெண்கள் தங்கள் தங்கள் ஓலைப் பட்டையோடு வரிசையில் நின்று அள்ளினார்கள். ஒரு வீட்டில் என்னைக் கை கழுவச் சொன்னபோது மிளகாய்க் கன்றுக்கு நேரே கையை நீட்டவைத்துத் தண்ணீர் வார்த்தார்கள். உடைந்த கப்பல்களின் செப்பாணிகள் ஒரு துணி நிறையக் கிடைத்தன. ஒரு தாய் நசுங்கிய மூக்குப்பேணி ஒன்றைத் தந்தார். அது பித்தளை; மணிக்கு ஆகாது. சொல்ல வாய் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து ஒடுக்கெடுத்து, மூக்கை நிமிர்த்தி, அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதில் பனங்கட்டித் தேநீர் வந்தது. சீனி அப்போது கண்ணில் காணக் கிடைக்காது.

திரும்பி வந்து மெழுகின்மேல் மண் அப்பினேன். வண்டல், உமி, பிய்த்த பழங்கயிற்றுத் தும்பு மூன்றையும் பிசைந்த மண். அடுப்புக்குச் சிரட்டைக்கரி. எங்கள் ஊர்க் கரியைவிட அது நின்று எரிந்தது.

அப்போது திரேசம்மா என்னிடம் வந்தார். அதுவரை அவர் என்னோடு பேசியதில்லை. சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சில ஈயக் குண்டுகளைக் காட்டினார். வலையைக் கடலடிக்கு இழுக்கக் கட்டுகிற குண்டுகள். தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன.

“இது அவரின்ரை வலையிலை கிடந்தது. மணிக்குள்ளை போடலாமோ?”

“போடக்கூடாதும்மா” என்றேன். “இது காரீயம். செம்போட சேராது. உள்ள சின்னச் சின்னத் துளியா நின்னு சத்தத்தைக் குடிச்சிரும். மணி ஊமையாப் போயிரும்.”

“அப்ப வேண்டாம்” என்று முடிந்துகொண்டு போனார். அவர் போனபிறகுதான் நான் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

வார்ப்பு நாள் காலையில் ஊர் முழுவதும் கோயில் முற்றத்தில் நின்றது. மெழுகை உருக்கி வெளியேற்றி, அச்சைக் குழியில் இறக்கி மண் இட்டிருந்தேன். உலோகம் உருகும் மூசைகள் உலையில் சிவந்தன. வார்ப்பதற்கு முன்பு பக்தர்கள் மூசையில் தங்கமோ வெள்ளியோ ஒரு பொட்டு இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் சொல்லி வைத்தேன். சுவாமியார் செபம் சொன்னார். ஒவ்வொருவராக உலைக்குக் கிட்ட வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி எதையோ விட்டுப் போனார்கள். அனலில் எனக்குக் கண் கூசியது. இவ்வளவு ஏழை ஊரில் இவ்வளவு பேரிடம் வெள்ளி இருக்கிறதே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

வார்ப்பு நன்றாக ஓடியது. ஆறவிட்டு, பின்பு மண்ணை உடைத்தோம். உருவில் குறை இல்லை. தோளில் தேய்த்துக் கழுவும்போதுதான் எள்ளுப்போலச் சாம்பல் நிறத் துளிகள் வியர்த்திருப்பதைக் கண்டேன். நகத்தால் கீறினேன். நகம் இறங்கியது. வெண்கலத்தில் நகம் இறங்காது.

மணியைத் தூக்கிக் கட்டிச் சம்மாட்டியார் நாக்கை இழுத்தார். கதவில் ஒருவர் முட்டியதுபோல ஒரு சத்தம் வந்து அங்கேயே நின்றது. சம்மாட்டியார் இன்னொரு தரம் இழுத்தார். அதே சத்தம்.

“காரீயம்” என்றேன்.

சுவாமியார் திரும்பினார். “ஆர் போட்டது?”

ஈயக் குண்டோடு என்னிடம் வந்தவர் என்று எல்லோருடைய கண்ணும் திரேசம்மாவைத் தேடிப் போயிற்று. அதைப் பொறுக்காமல் அன்னம்மாக்கா முன்னுக்கு வந்தார்.

“நான் ஒண்டு போட்டனான் சுவாமி. சின்னன். காதுத் தோட்டை விதானையாரிட்டை ஈடு வைச்சாச்சு, வெள்ளிக்கு நான் எங்கை போறது? எங்கடை வலைக் குண்டு ஒண்டு மணிக்குள்ளை இருந்தால் எங்கடை வள்ளத்தை மணி மறக்காதெண்டு...”

“நீயுமோ?” என்றார் சம்மாட்டியார்.

“நீயுமோ எண்டால்?”

சம்மாட்டியார் நிலத்தைப் பார்த்தார். பின்னால் ஒருவர் இருமினார். “நானும் ஒண்டுதான்” என்றார். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கிழவர், “நான் ரெண்டு, தம்பியின்ரை வள்ளத்துக்கும் சேர்த்து” என்றார். வள்ளத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுடையது மட்டும்தான், அதுவும் சின்னது, கெடுக்காது என்று நினைத்திருக்கிறார்கள்.

“எல்லாருமாச் சேர்ந்து ஒரு வலையையே மணிக்குள்ளை இறக்கிப் போட்டியள்” என்றார் சுவாமியார். கோபமாகச் சொல்லத் தொடங்கினார். முடிக்கும்போது மணியின் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரேசம்மா தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் கையை விரித்தார். குண்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

“இவர் போடக்கூடாதெண்டவர். நான் போடேல்லை.”

அன்னம்மாக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

செம்போடு கலந்துவிட்ட காரீயத்தை என் கைவசமுள்ள வழியில் பிரிக்க முடியாது. ஒரே வழி, மணியை உடைத்துப் பாதியை ஒதுக்கிவிட்டு அந்தப் பாதிக்கு ஈடாகச் சுத்தமான செம்பு சேர்ப்பது; அப்போது மிஞ்சுகிற காரீயம் சத்தத்தைக் கெடுக்காத அளவுக்குக் குறைந்துவிடும். வெள்ளீயம் என்னிடம் மீதி இருந்தது. செம்பு ஒரு வீட்டிலும் இல்லை. தீவுகளிலும் கேட்டு முடிந்தது. காற்று மாறத் தொடங்கியிருந்தது. கடலில் வெள்ளை நுரை தெரிந்தது. சம்மாட்டியாரும் நானும் மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இருவர் மனத்திலும் ஒன்றே இருந்தது. இருவர் கண்ணும் கரையில் கிடந்த அந்த வள்ளத்துக்கே போயின. அன்று பின்னேரமும் திரேசம்மா குடத்தோடு கடலில் இறங்கி ஏறுவது தெரிந்தது. ஆனால் குடத்தை வள்ளத்தில் கவிழ்க்கவில்லை. அதை அணைத்தபடி வெகு நேரம் நின்றுவிட்டு, தண்ணீரை மணலில் ஊற்றினார்.

விடிந்ததும் அவர் சம்மாட்டியார் வாசலுக்கு வந்தார்.

“அந்த வள்ளத்தைக் கழட்டுங்கோ அண்ணை.”

சம்மாட்டியார் எழுந்து நின்றார். “திரேசு, உம்மை நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை.”

“நீங்கள் கேக்கேல்லை. நான்தான் சொல்லுறன். அண்டைக்கு மணி கேட்டிருந்தால் அவர் வந்திருப்பார்.” பிறகு, “இனி அவர் அந்த வள்ளத்திலை ஏறப்போறேல்லை” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் ஊர் கேட்டது என்று பின்பு அன்னம்மாக்கா சொன்னார்.

முதல் ஆணியை அவரே நெம்பினார். பிறகு ஆண்கள் கை வைத்தார்கள். நான் வெளியூர்களில் வள்ளம் உடைப்பதைப் பார்த்திருக்கிறேன். கோடரி போட்டு விறகாக்கிவிடுவார்கள். இங்கே தைத்த துணியைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். செப்பாணிகளை நிமிர்த்தி ஒரு பெட்டியில் இட்டார்கள். தகடுகள் பெரிய பெரிய துண்டாக உரிந்து வந்தன; உள்பக்கம் இன்னும் சிவப்பு. பக்கப் பலகைகள் திரேசம்மாவின் குசினிக்குக் கதவாயின. அவருடைய கூரை தொய்ந்து மழை ஒழுகிய இடத்துக்கு வளைமரங்கள் போயின. நெடுக ஓடிய அடிமரம் மட்டும் மிஞ்சியது. அதைச் சம்மாட்டியார் கையால் தடவிப் பார்த்து, “மணி இதிலை தொங்கட்டும்” என்றார். சுக்கானைத் திரேசம்மா வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மெழுகை மறுபடி சேர்த்து மறுபடி அச்சு கட்டினேன். ஒதுக்கிய ஈயக் கலப்பையும் எறியவில்லை. வலை இழுக்கிற கப்பிகளும் கதவுக் கொண்டிகளும் வார்த்துக் கொடுத்தேன்; அவற்றுக்குப் பாடவேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு ஒன்று போயிற்று.

இரண்டாம் வார்ப்பின்போது சம்மாட்டியார் முற்றத்து வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களையெல்லாம் கையை விரிக்கச் சொன்னார். “விரிச்சுக் காட்டு! மற்றக் கையையும்!” சுவாமியார் வந்தபோது அவரும் தாமாகவே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தக் காலையில் ஊர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மணி ஆறியதும் நான்தான் முதலில் தட்டினேன், மரக்குச்சியால். இழுத்துப் பாடியது. அது நிற்கும்வரை குச்சியை இறக்காமல் நின்றேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு பனங்குற்றி நட்டு, குறுக்கே வள்ளத்தின் அடிமரத்தை ஏற்றி, மணியைத் தொங்கவிட்டார்கள். சுவாமியார் செபம் சொல்லி மந்திரித்தார். முதல் கயிற்றைத் திரேசம்மா இழுக்கவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றார்.

“எனக்குக் கரையிலை கேட்டு என்ன? கடலிலை கேக்குதோ எண்டு பாக்கவேணும். கூட்டிக்கொண்டு போங்கோ.”

யாக்கோபு போனபின் அவர் வள்ளத்தில் ஏறியதில்லை. அன்று பின்னேரம் காற்று மணிச் சத்தத்துக்கு எதிராக அடித்துக்கொண்டிருந்தது. சம்மாட்டியாரும் இன்னும் இருவரும் திரேசம்மாவும் நானும் போனோம். எனக்குப் பயம்தான். ஆனாலும் மணி வார்த்தவன் கரையில் நிற்பது சரியாகப் படவில்லை. சுவாமியார் கயிற்றைப் பிடித்தார்.

கோயில் சிறுத்தது. “கேக்குதோ?” என்றார் சம்மாட்டியார்.

“கேக்குது. போங்கோ.”

பனைகள் ஒரு கோடாயின. காற்றில் மணி சில நேரம் அமிழ்ந்து மறுபடி எழும்பியது. “கேக்குதோ?”

“ஓம். இன்னும் போங்கோ.”

அலை வள்ளத்துக்குள் தெறித்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் வைத்திருந்தேன். ஓரிடத்தில் சம்மாட்டியார் பாயை இறக்கச் சொன்னார். வள்ளம் நீரோட்டத்தில் அசைந்தது. யாக்கோபு அன்று வலை போட்டிருந்த இடம் இது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று ஆண்களும் தலைத்துண்டை அவிழ்த்ததில் தெரிந்துகொண்டேன். இந்தத் தடவை சம்மாட்டியார் ‘கேக்குதோ’ என்று கேட்கவில்லை.

திரேசம்மா கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். மெல்லியதாக, ஆனால் அறுந்து போகாமல், மணி வந்துகொண்டிருந்தது.

“இஞ்சை கேக்குது” என்றார்.

முடிச்சை அவிழ்த்து ஈயக் குண்டுகளைக் கையில் எடுத்தார். எறியவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு விரல்களைத் திறந்தார். பிறகு சம்மாட்டியாரைப் பார்த்து, “திருப்புங்கோ” என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சம்மாட்டியார் அந்தச் சத்தத்துக்கு நேரே வள்ளத்தைத் திருப்பினார்.